விதோயேயின் ஆம்ப்ளிஃபயரில் ரீங்காரம்

கதவுக்கு வெளியிலேயே துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார் ராத்தோமிர்.

அது அவர் வழக்கம். ஆம்ப்ளிஃபயரின் அழகைப் பார்த்துவிட்டால் காது லஞ்சம் வாங்கிவிடும் என்பார். நிஷ் நகரத்தில் யார் கையால் செய்த, கண்ணாடிக் குழல் வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயராக இருந்தாலும், அவர் கேட்டுத் தலையசைத்த பிறகுதான் ஸ்தோயான்காவின் மதுக்கடைப் பாட்டு மேடையில் ஏறும். பதினாறு வருடமாக அப்படித்தான்.

ஊரில் வால்வுத் தொழிற்சாலை இருந்த காலத்தில் இருபது வருடம் அதில் வேலை பார்த்தவர். சம்பளப் பிரிவில். அந்தக் கடைசி விவரத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஸ்தோயான்கா அவருடைய முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை முற்பகல். கடை இன்னும் திறக்கவில்லை. சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நிற்பது மூச்சிலிருந்தே தெரிந்தது.

இன்றைக்குப் பரீட்சை அவருக்குத்தான். எழுபது வயதுக் காதை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது என்று போன வாரம் யாரோ ஆரம்பித்திருந்தார்கள்.

"இன்னிக்குக் கோட்டை விட்டீங்கன்னா, இனிமே ஞாயித்துக்கிழமை வீட்டுலயே படுத்துத் தூங்கலாம் மாஸ்டர்," என்று ஸ்தோயான்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

கேட்கவேண்டியது விதோயேயின் ஆம்ப்ளிஃபயரை. விதோயே பஸ் டிரைவர். அவன் செய்ததை ராத்தோமிர் ஏற்கெனவே மூன்று தடவை திருப்பி அனுப்பியிருந்தார். ரீங்காரம். மூன்று தடவையும் அவன் மொத்தத்தையும் பிரித்துப்போட்டு முதலிலிருந்து பற்றவைத்தான். இரண்டாவது தடவை அவன் பெண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போனவள்தான், இன்னும் வரவில்லை.

டக்.

"சுவிட்ச் போட்டாச்சு மாஸ்டர்," என்றது விதோயேயின் குரல்.

"பறக்காதே. வால்வு சூடாகட்டும்."

அரை நிமிடம் போனது. ராத்தோமிர் மூக்கை உறிஞ்சினார். "ம். வந்துடுச்சு. சூடான கண்ணாடி வாசனை."

யாரோ இருமினார்கள்.

பிறகுதான் காதைக் கொடுத்தார். வரும் வழியெல்லாம் ஒரே பயம். ஒன்றுமே கேட்காமல் போய்விட்டால்?

கேட்டது.

மெல்லிசாக, தெளிவாக, மூடிய ஜாடிக்குள் வண்டு சுற்றுவதுபோல. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, துண்டு இருந்தது.

"இருக்கு," என்றார். "நாலாவது தடவையும் இருக்கு. பஸ் ஓட்டுறவன் செஞ்சா பஸ் மாதிரிதானே இரையும்? ஒரு மரக்குச்சி எடு. இடது கையை பாக்கெட்டுக்குள்ள விடு. ரெண்டு கையையும் ஆம்ப்ளிஃபயருக்குள்ள விட்டா கரண்ட் நெஞ்சு வழியாப் போகும். உன் சாவுக்கு வர எனக்கு நேரமில்லை."

"விட்டுட்டேன் மாஸ்டர்."

"முதல் வால்வைத் தட்டு."

டிங்.

"இது தங்கமான பிள்ளை. அடுத்தது."

டிங்.

"அங்கேயே நில்லு! இவன்தான் திருடன். கேட்டீங்களா? எல்லாருக்கும் கேட்டுச்சா?"

கேட்டது என்றார்கள். ஒருவர் பாக்கியில்லாமல். ஸ்தோயான்கா, "எனக்குப் புல்லரிச்சே போச்சு," என்றாள்.

அணைத்துவிட்டு அந்த வால்வை மாற்றச் சொன்னார். டக். ஏதோ உரசியது. ஏதோ உட்கார்ந்தது. டக்.

"இப்ப எப்படி மாஸ்டர்?"

அவர் தலையைச் சாய்த்து, வெகுநேரம் கேட்டார்.

"பாதி குறைஞ்சிருக்கு. மீதி, எர்த் கம்பியில. எல்லாக் கம்பியும் ஒரே இடத்துல வந்து சேரணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? பிரி எல்லாத்தையும். ரெண்டு மாசம் கழிச்சுக் கொண்டா."

கைதட்டினார்கள். பதினாறு வருடத்தில் இதுதான் முதல் தடவை. ராத்தோமிர் எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்து, லேசாகக் குனிந்து அதை ஏற்றுக்கொண்டார். பிறகு துண்டை அவிழ்த்தார்.

மேசைமேல் இரண்டு சாராயக் கிளாஸ்கள் இருந்தன. மூன்றாவது, மாற்றப்பட்டது, ஓரமாகக் கவிழ்ந்து கிடந்தது. விதோயே கையில் கறி குத்திச் சுடும் குச்சியோடு நின்றான். இடது கை நிஜமாகவே பாக்கெட்டில் இருந்தது. ஸ்தோயான்கா டார்ச் லைட் ஒன்றை டக், டக் என்று அமுக்கிக் காட்டினாள்.

மேசைமேல் வேறு எதுவும் இல்லை.

"ஆம்ப்ளிஃபயர் இன்னும் பஸ்லதான் இருக்கு மாஸ்டர்," என்றான் விதோயே. "கொண்டாரட்டுமா?"

அப்புறம் எழுந்த சிரிப்பில் ஒருவன் சுவரில் சாய்ந்து அப்படியே தரைக்கு வந்துவிட்டான்.

ராத்தோமிருக்குக் கோபம் வரவில்லை. வெட்கமும் வரவில்லை, அதற்கெல்லாம் நேரமில்லாதவர்போல மேசையைப் பார்த்தார். குனிந்து அதன் அடியில் பார்த்தார். மூலையிலிருந்த ஃப்ரிட்ஜிடம் போய்க் கதவில் காதை வைத்தார். அதன் ஒயரைக்கூடப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். இரண்டு காதையும் பொத்தினார். கையை எடுத்தார். மறுபடி பொத்தினார். வண்டு நிற்கவில்லை.

"அப்ப இது எங்கேர்ந்து வருது?" என்று கேட்டார்.

கிழவன் மாட்டிக்கொண்ட பிறகும் விடமாட்டேன் என்கிறானே என்று, அவர்கள் முன்னைவிடப் பலமாகச் சிரித்தார்கள்.