மூணு மில்லி போதும்

"இந்தப் பெனிடா தீவுக் கடல் ஆகஸ்டுல கீழே போகப் போகப் பதினெட்டு டிகிரிக்கு இறங்கிடும், சார். அஞ்சு மில்லி மீட்டர் தடிமன் உள்ள டைவிங் சூட்டைப் போடுங்க" என்றாள் டைவிங் கடையிலிருந்த சுக்கெர்த்தி.

ஜகார்த்தாவிலிருந்து வந்திருந்த ஹர்த்தோனோ சிரித்தார். "பாலிக் கடல்ல குளிரா? எனக்கே பாடமா, தங்கச்சி? மூணு மில்லியே எனக்கு ஜாஸ்தி!"

மூணு மில்லி சூட்டோடு கடலில் இறங்கிய பத்தே நிமிடத்தில் அவரைக் கரைக்குத் தூக்கி வந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. இரண்டு துண்டு போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. பதறிப்போன சுக்கெர்த்தி சூடாக இஞ்சிச்சாறு கொடுத்தாள்.

கொஞ்சம் தெளிந்ததும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"நான்... டைவிங் வழிகாட்டித் தேர்வு நடத்த வந்தேன். இங்க தேர்வு எழுதப் பேர் கொடுத்திருக்கற சுக்கெர்த்திங்கறது யாரு?"

"நான்தான், சார்."

அவர் முகம் தொங்கிப்போனது. "முதல் கேள்வி... எந்தத் தண்ணிக்கு... எந்தத் தடிமன்..."

"அதுல நீங்க ஃபெயில், சார். ரெண்டாவதைக் கேளுங்க."