சூட்டு உடம்பு

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் புதுப்பித்த பிறகு அங்கே ஏசியும் இல்லை, ஃபேனும் இல்லை. கரண்டில் குளிரும் சுவர்களே வகுப்பைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்கின்றன. எந்தப் பிள்ளை உள்ளே எவ்வளவு சூடு தரும் என்று, சேர்க்கைப் படிவத்தைப் பார்த்துக் கதவே முடிவு செய்யும். என் அக்கா மகள் நிலானியை அது ஒரு வாரமாக உள்ளே விடவில்லை.

சிங்கப்பூரிலிருந்து போனில் கத்தினேன். "காய்ச்சலாக்கா?"

"ஒண்ணுமில்ல தம்பி. படிவத்துல சூட்டு உடம்புன்னு இருக்காம். இவ உள்ள வந்தா கரண்டு கூடுதலா இழுக்குமாம்."

அந்தப் படிவத்தை வேலைக் களைப்பில், போனிடம் வாயால் சொல்லிச் சொல்லி நிரப்பியவன் நான்தான். உடல்நிலை என்று கேட்ட இடத்தில், அக்கா எப்போதும் சொல்வதைச் சொல்லிவிட்டேன்: "சூட்டு உடம்பு, வாராவாரம் எண்ணெய் தேச்சுக் குளிக்கணும்."

"ஹெட்மாஸ்டர் என்னதான் சொல்றாரு?"

"சைக்கிள் ஷெட்டுல உக்காந்து படிக்கட்டுங்கிறாரு. இவ தினம் ரெண்டு சொம்பு ஐஸ் தண்ணிய யூனிஃபார்மோட ஊத்திக்கிட்டுப் போயி நிக்குறா. கதவு தொறக்க மாட்டேங்குதுடா."

உடனே பள்ளிக்குப் புகாரைப் போனிடம் சொல்ல ஆரம்பித்தேன்.

"ஐயா, சூட்டு உடம்புங்கிறது சும்மா பேச்சு. எங்க ஊர்ல எந்தப் புள்ளைக்குச் சூட்டு உடம்பு இல்ல? நீங்க கரண்டு மிச்சம் பண்ண எங்க புள்ள தகரத்தடியில வேகணுமா? அவளுக்குச் சூடு இல்லய்யா, எனக்குத்தான் இப்பச் சூடு!"

எழுத்தாகி வந்ததை வாசித்ததும் பயம் பிடித்தது. இதையும் அந்தக் கதவுதானே படிக்கும்? சூடு என்று வந்த வரிகளையெல்லாம் அழித்தேன். ஒரே ஒரு கேள்வி மிஞ்சியது. அதை அனுப்பினேன்.

"நீங்க கரண்டு மிச்சம் பண்ண எங்க புள்ள தகரத்தடியில வேகணுமா?"