யப்பானில் வாங்கிய கஞ்சி

யப்பான் வரைக்கும் போய்க் கஞ்சி மா வாங்கிக்கொண்டு வந்த மருமகள், ஒஸ்லோவிலேயே தன்னுடைய மருமகள் ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்று சிவநாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

2007 மாசியில் மகன் தர்மிகனுக்கு கியோத்தோவில் ஒரு கிழமை மாநாடு. மருமகள் கம்சாயினியும் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனாள். அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக நடக்கிற இனிப்புக் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கிறதாம். கமராவில் கொண்டு வந்த படமெல்லாம் அதுதான். வாசலில் துணி தொங்கும் கடை ஒன்று, பூவைப் போலவே பிடித்து வைத்த இனிப்புகளோடு இன்னொன்று, அடுத்ததும் கடை. பார்க்க வேண்டிய கோயில் ஒன்றைக்கூடக் காணோம்.

தான் கூட்டத்தில் இருந்த நேரமெல்லாம் இவள் கடை கடையாக ஏறி இறங்கினாள் என்று தர்மிகன் சிரித்துக்கொண்டே சொன்னான். சிவநாயகிக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் மாமன் இருக்கிற நிலைமையில் இவளுக்கு இனிப்புக் கடை கேட்கிறதோ?

சிவநாயகியின் புருசன் குகநேசனுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு வருசம். கை கால் பழையபடி இயங்கத் தொடங்கிவிட்டது, தொண்டைதான் சரிவரவில்லை. தண்ணீர் குடித்தாலும் புரைக்கேறும். விழுங்கப் பழக்குகிற லோகோபெட் பெண், எதையும் மா போட்டுத் தடிப்பாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். ஒரு பிறந்தநாள் வீட்டில் எல்லாருக்கும் கேக் போனது, அவருக்கு மட்டும் தனியாகக் கூழ் வந்தது. பக்கத்தில் இருந்த பிள்ளை ஒன்று, இது பேபிமாட், கைக்குழந்தைச் சாப்பாடு அல்லவா, தாத்தா ஏன் சாப்பிடுகிறார் என்று கேட்டுவிட்டது. அன்றைக்கு எழும்பி வந்தவர்தான். பிறகு ஒருவரோடும் இருந்து சாப்பிடவில்லை, ஆட்கள் வந்தால் அறைக்குள் போய்ப் படுத்துவிடுவார். வாய் ஓயாமல் பகிடி விட்ட மனுசன். இப்படியே ஒடுங்கிப் போய்விடுவாரோ என்ற பயம் சிவநாயகியை அரித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, யப்பான் இனிப்புச் சாப்பிட என்று கீழ்மாடி மங்களேஸ்வரியும் புருசன் பத்மநாதனும் கேட்காமலே வந்து நின்றார்கள். மணி அடித்த உடனே குகநேசன் அறைக்குள் போய்விட்டார்.

சிவநாயகி குசினிக்குள் போய்ப் பார்த்தால், மா பைக்கற்றுகள் மட்டும் இருந்தன.

"வேறை ஒண்டும் இல்லையோ பிள்ளை?"

"இல்லை மாமி. நல்ல இனிப்பெல்லாம் அண்டைக்கே சாப்பிட்டு முடிக்க வேணுமாம்."

"அப்ப அங்கை நிண்டு நீர் சாப்பிட்டு முடிச்சிட்டு வந்தனீராக்கும்."

கம்சாயினி பைக்கற்று ஒன்றை வெட்டினாள். ஏதோ கிழங்கு மாவாம், சீனியும் இஞ்சியும் சேர்த்தது. கொதிதண்ணீர் விட்டுக் கிண்டக் கிண்ட, வெள்ளை மறைந்து கண்ணாடி மாதிரித் தடித்தது. எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கோப்பையில் ஊற்றிக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். பிறகு மாமனின் அறைக் கதவைத் தட்டினாள்.

எனக்கெதுக்கு, நீங்கள் சாப்பிடுங்கோ என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"உங்களுக்கெண்டு தனியா நான் ஒண்டும் கொண்டு வரேல்லை மாமா. எல்லாருக்கும் இதுதான். வாங்கோ."

சுகமில்லாத மனுசனிடம் இப்படியும் ஒருத்தி சொல்லுவாளா என்று சிவநாயகிக்கு ஆத்திரம் வந்தது.

கதவு திறந்தது. குகநேசன் வந்து மேசையில் இருந்த கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பத்மநாதன் கரண்டியால் வழித்து வழித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தார். மங்களேஸ்வரி ஊதி ஊதிச் சாப்பிட்டாள். குகநேசன் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

அவர் கரண்டியைத் தூக்கவும், தடுக்கப் போன சிவநாயகியின் கையைக் கம்சாயினி பிடித்துக்கொண்டாள்.

"லோகோபெட்டிட்டைக் கேட்டிட்டன் மாமி. இந்தத் தடிப்பு சரியாம்."

ஒரு வாய். இரண்டாவது வாய். இருமல் வரவில்லை.

கஞ்சி குடிக்கிறதுக்கு யப்பானுக்குப் போகவேணுமோ என்று பத்மநாதன் கேட்டுவைத்தார். மங்களேஸ்வரி புருசனை முழங்கையால் இடித்தாள்.

குகநேசன் கரண்டியை வழித்தபடியே சொன்னார்: "எங்கட வீட்டில ஒரு வருசமா யப்பான் சாப்பாடுதான் ஐசே. உமக்குத்தான் தெரியாது."

முதலில் சிரித்தது அவரேதான். பிறகு மேசையே சிரித்தது. சிவநாயகியால் அங்கே நிற்க முடியவில்லை. குசினிக்குள் வந்து சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். கோப்பை கழுவிக்கொண்டிருந்த தர்மிகன் திரும்பிப் பார்த்தான்.

"முருகா, உனக்குக் கோடி புண்ணியம்" என்றாள் அவள். "வேறை இனிப்பு ஒண்டும் இந்த வீட்டுக்கு வரவிடாமல் பண்ணினியே."

"முருகன் இல்லை அம்மா, உங்கட மருமகள்" என்றான் தர்மிகன். "கெடாத இனிப்பு ரெண்டு பெட்டி, உங்களுக்கும் மங்களேஸ்வரி அன்ரிக்குமெண்டு நான் ஆசையா வாங்கினனான். அப்பா சாப்பிட ஏலாத ஒண்டு எங்கட மேசைக்கு வேண்டாமெண்டு, வெளிக்கிடேக்கை ஹோட்டல்காரருக்குக் குடுத்திட்டு வந்தவ."