முதல் பூச்சு

"அக்கா, கார் வந்துடுச்சு! உன் தலையில இன்னும் கையே வைக்கலையே!"

அலறிவிட்டேன். அக்காவின் முடிக்காகக் கலக்கிய பளபளப்புப் பூச்சு என் கையில் அப்படியே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே, அக்காவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

பெர்மெத் அக்காவின் முடியைப் பார்த்தால் எனக்கே அழுகை வந்தது. மூன்று நாளுக்கு முன் நான் பூசிவிட்டது. உச்சியில் கருகருவென்று, கீழே திட்டுத்திட்டாக. இருபது நிமிடம் ஊறட்டும் என்று சொல்லிவிட்டுப் பால் கறக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவளே அலசி முடித்து, முகத்தைத் தூக்கிவைத்திருந்தாள்.

"முதல்ல உன் தலையில போட்டுப் பழகு. அப்புறம் என்னைத் தொடு" என்றாள்.

இன்று காலை பழகினேன். தலையைத் துவட்டி, ஈரம் இருக்கும்போதே நான்காகப் பிரித்துக் கிளிப் போட்டு, நுனியில் தொடங்கி வேரில் முடித்தேன். கடிகாரம் பார்த்துக் குளிர்ந்த நீரில் அலசினேன். காய்ந்ததும் ஜன்னல் வெளிச்சம் முடியில் வழுக்கிக்கொண்டு போனது.

"தோட்டைக் கழட்டிடு, கறை படிஞ்சா போகாது" என்று என் சிவப்புக்கல் தோட்டை அக்காதான் வாங்கி வைத்தாள்.

அம்மா ஓடி வந்தாள். "ரெண்டு மணிக்கு வர்றாங்கன்னு நேத்தே சொன்னேன்ல, பெர்மெத்? என்னடி தலை இது, குதிரை வாலை அடுப்புல காட்டின மாதிரி! தலையில துணியைக் கட்டித் தொலை. அய்தை, நீ டீயை எடுத்துட்டுப் போ" என்று என் பக்கம் திரும்பினாள்.

அக்கா என்னிடம் நாலு மணி என்றுதான் சொல்லியிருந்தாள்.

அவள் கல்யாணம் என்னால் கெட்டுவிடுமோ என்ற பயத்தோடு டீயை எடுத்துப் போனேன். மாப்பிள்ளையின் அம்மாவிடம் கிண்ணத்தை நீட்டினேன். அந்த அம்மா அதை வாங்கவில்லை. என் முடியை வருடினார். பிறகு என் வெறும் காதைத் தொட்டார்.

"சொன்னதை விட லட்சணமா இருக்காளே!"

"ஐயோ, நான் இல்லைங்க அத்தை. அக்கா..."

"யாரு, அந்தத் துணி கட்டினவளா? அது உங்க வீட்டு மருமகதானே?"

திரும்பினேன். வாசலில் அக்கா. தலையில் கல்யாணமானவளைப் போல இறுகக் கட்டிய துணி. காதில் என் சிவப்புக்கல் தோடு.

நான் வாய் திறப்பதற்குள் என் காதில் அந்த அம்மா கொண்டுவந்த நிச்சயதார்த்த வெள்ளித் தோடு ஏறிவிட்டது. "அது வந்து..." என்று என் அம்மா இழுத்தாள். அப்பா கண்ணாலேயே அடக்கினார். போட்ட தோட்டைக் கழற்றிக் கொடுத்த வீட்டில் இந்த ஊரில் யாரும் பெண் கேட்க மாட்டார்கள். பெரியவர்கள் கையேந்திப் பிரார்த்தித்து வாழ்த்தி முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

நர்சிங் நுழைவுத் தேர்வுக்கு எனக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

சமையலறைக்கு ஓடினேன். அக்கா நிதானமாகத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அக்கா... அன்னிக்கு நிஜமாவே நான்தான் தப்பாப் பூசினேனா?"