இன்னும் ரெண்டு பாகம்

கும்மிடிப்பூண்டி பம்ப் கம்பெனி கேண்டீனில், சாம்பார் வாளிமேல் சாய்த்து வைத்த என் போனில் ஷைனி பியானோ வாசிக்கிறாள். மும்பையில், வாத்தியக் குழுவோடு சேர்ந்து வாசிக்கும் தேசிய கான்செர்ட்டோ போட்டியின் இறுதிச்சுற்று. மாநில முதல் பரிசு ஏற்கெனவே அவளுடையது. அவள் பின்னால் இருபது வயலின்கள். போனுக்கு முன்னால், எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு அவள் அம்மா அற்புதம், சோற்றுக் கையோடு அசெம்பிளி லைன் பெண்கள். சட்டென்று இசை நிற்கிறது. முடிந்துவிட்டதென்று கேண்டீனே கைதட்டுகிறது. மும்பையில் ஒருவரும் தட்டவில்லை. “இன்னாடி, பெரிய மனுசங்களுக்குக் கை வலிக்குதா?” என்கிறாள் ஜோதிலட்சுமி. “மொதல் பாகந்தாங்க்கா முடிஞ்சுது, இன்னும் ரெண்டு இருக்கு. எல்லாம் முடிஞ்சாதான் தட்டுவாங்க” என்கிறேன். டப்பாவோடு எழுந்தவர்கள் மறுபடி உட்காருகிறார்கள். ஷைனி விரல்களைத் துடைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் அடுத்த பாகத்தைத் தொடங்குகிறாள். அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதுகிறது. “டைம் ஆச்சு, லைனுக்கு வாங்க!” வாசலில் சூப்பர்வைசர் அன்புராஜ் கத்துகிறார். பி.இ. முடித்துவிட்டு அந்தச் சங்குக்கு ஓடுகிற எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அற்புதம் திரும்பிப் பார்க்காமலே சொல்கிறாள்: “சத்தம் போடாத நைனா. எம்பொண்ணு வாசிச்சுக்கினு கீறா.” யாரும் எழவில்லை. வெளியே லைனில் கன்வேயர் பெல்ட் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடட்டும்.