ஆரஞ்சு போடாத பீர்

"ஆரஞ்சுத் தோல் போட்டிருக்க நீ. ஒத்துக்கோ!"

"போடல."

"பொய்!"

"சுளை, தோல், கொட்டை எதுவும் போடல மிட்ச். எத்தனை தடவைதான் சொல்றது?"

நோரீன் வீட்டு கார் ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் கையில் கிளாசோடு அப்படியே நின்றார்கள். வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களின் சங்கம் அது. அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் அவர்கள் பேட்டைக்கு வருடத்துக்கு ஒரு போட்டி. பாட்டிலில் பெயர் இருக்காது. யார் காய்ச்சியது என்று நடுவர் நோரீனுக்கே தெரியாது. முடிவு சொன்ன பிறகுதான் தெரிந்தது, முதல் பரிசு டார்லாவுக்கு. நூலகத்தில் வேலை பார்ப்பவள், போன வருடம்தான் சங்கத்தில் சேர்ந்தாள். வருடா வருடம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போன மிட்ச் இந்த முறை இரண்டாவது.

மிட்சும் டார்லாவின் பேல் ஏல் பீரைக் குடித்துப் பார்த்திருந்தார். கிளாசை வாயருகே கொண்டு போனதுமே ஆரஞ்சு வாசம். பின்னாலேயே எலுமிச்சை. அப்புறம்தான் கசப்பு, சுருக்கென்று. அவர் தன்னை மறந்து கண்ணை மூடிக்கொண்டதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். கோபம் பாதி அதனால்தான்.

"இந்தப் பிரிவுல பழம் சேர்க்கவே கூடாது. கசப்பும் வாசமும் ஹாப்ஸ் பூவுல இருந்து மட்டும்தான் வரணும். அதான் சட்டம்" என்றார்.

"ஹாப்ஸ் பூ மட்டும்தான் போட்டேன்."

"சரி, என்ன ரகம்?"

டார்லா தயங்கினாள். "பேர் தெரியாது. வீட்டுல வளர்ற ஹாப்ஸ் கொடி."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"கேட்டுக்குங்க! பேர் தெரியாத கொடியாம். ஏம்மா, நானும்தான் வீட்டுல ஒரு கொடி வளர்த்தேன். தண்ணி ஊத்தி, உரம் போட்டு, பூ நல்லா முத்திப் பழுப்பேறுற வரைக்கும் பொறுமையா இருந்து பறிச்சேன். என்ன வந்துச்சு தெரியுமா? வெங்காய வாசம்! நோரீன், நீதான் குடிச்சியே, சொல்லு."

"குடிச்சேன். சூப்புன்னுல்ல நெனச்சேன்" என்றாள் நோரீன்.

"வருஷா வருஷம் அதே நாத்தம். வெறுத்துப்போய் தூக்கிப் போட்டுட்டேன். வீட்டுக் கொடில ஆரஞ்சு வராதும்மா. எனக்குத் தெரியாதா?"

டார்லாவின் காது வரை சிவந்துவிட்டது. "கோப்பையை நீங்களே வச்சுக்குங்க மிட்ச். ஆனா ஏமாத்துக்காரின்னு பேர் வாங்கிக்கிட்டு நான் போக மாட்டேன். இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கிறது இந்த சனிக்கிழமைக் கூட்டம் ஒண்ணுதான். வாங்க, வந்து கொடியைப் பாருங்க. பக்கத்துத் தெருதான்."

"பாத்துடலாம் வா! அந்த வாசம் உன் கொடில இருந்தா, கோப்பையை என் கையாலேயே குடுத்து மன்னிப்பும் கேக்கறேன். இல்லன்னா நீ இந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது."

"நடுவர் நான்தானே, நானும் வரேன்" என்று நோரீன் செருப்பை மாட்டினாள்.

போன வருடத்திலிருந்து தன்னிடமே இருந்த கோப்பையை மிட்ச் அக்குளில் இடுக்கிக்கொண்டே நடந்தார்.

டார்லா வீட்டின் பின்பக்கம் போனதும் அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். கயிற்றைப் பற்றி ஏறிய கொடி கூரையையும் தாண்டி, மேலே பிடிக்க ஒன்றும் இல்லாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் வெயிலில் கொத்துக் கொத்தாகப் பச்சைப் பூ. இலையை விடப் பூ அதிகம்.

மிட்ச் ஒரு பூவைப் பறித்தார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கசக்கினார். கையைக் குவித்து முகத்தை உள்ளே புதைத்தார்.

நிமிரவே இல்லை.

"மிட்ச்? என்னாச்சுப்பா?" என்றாள் நோரீன்.

அவர் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். உள்ளங்கையெல்லாம் மஞ்சள் பிசின். "மோந்து பாரு" என்று கையை நீட்டினார். "வெறும் பச்சைப் பூ நோரீன். பழம் இல்ல, மரம் இல்ல. இத்தனூண்டு பூவுக்குள்ள ஒரு ஆரஞ்சுத் தோட்டத்தையே யாரு கொண்டுவந்து வச்சது? காலமெல்லாம் இதுலயே கிடக்கறேன், இப்படி ஒண்ணை நான் பாத்ததில்ல."

நோரீனும் மோந்தாள். திரும்பவும் மோந்தாள். மூன்று பேரும் தலையை அண்ணாந்து அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"முத்த விடக் கூடாது. இப்படிப் பச்சையா இருக்கும்போதே பறிச்சிடணும்" என்றாள் டார்லா மெதுவாக.

மிட்ச் கோப்பையை அவள் கையில் வைத்தார். "மன்னிச்சுக்கம்மா. வாய்க்கொழுப்பு எனக்கு."

"விடுங்க."

"ஒரு உதவி கேட்டா தப்பா நினைக்க மாட்டியே? இதோட வேர்ல ஒரு துண்டு குடு. இல்ல, எங்க வாங்கினேன்னாவது சொல்லு. என்ன விலைன்னாலும் குடுத்து வாங்கிக்கறேன்."

டார்லா சிரித்துவிட்டாள். "விலையா? யாரோ ஒரு மகராசன் தெருவோரமா வச்சிருந்தாரு. பாத்திரத்தோட தூக்கிட்டு வந்தேன். அதுலயே எழுதியிருக்கு, பாருங்க."

குனிந்து அடியில் இருந்த இலைகளை ஒதுக்கினாள். அடி ஓட்டையான ஒரு பழைய பீர் காய்ச்சும் பாத்திரம். அதன் வயிற்றில், சிவப்புப் பெயிண்ட்டில், மிட்சின் கோணல் கையெழுத்து: 'இலவசம். யாராவது எடுத்துத் தொலைங்க.'

நீங்கள் அப்படித் தெருவோரம் வைத்துவிட்டு வந்தது எது? இப்போது அது யார் வீட்டில் மணக்கிறது? தெரிந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.