காற்றின் கண்

ஆங்கில வகுப்பிலிருந்து திரும்பிய மரகதம் நேராகப் போய் ஜன்னலைத் திறந்தாள். “விண்டோன்னா ஆதியில காத்தோட கண்ணுன்னு அர்த்தமாம். ஆல்பர்ட் சார் சொன்னார்.”

தமிழாசிரியரான அவள் கணவர் கதிரேசன் செய்தித்தாளை மடித்தார். “நம்மகிட்டயும் இருக்கே, காலதர்னு. காத்து வர்ற வழி.”

“வழி யாரையும் பாக்காதுங்க. கண்ணுதான் பாக்கும்” என்று கம்பியில் கன்னம் சாய்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் ஒரு படிகாரக் கட்டியை வாங்கிவந்தார். ஜன்னலைச் சாத்தி, கட்டியைக் கறுப்புக் கயிற்றில் வெளிப்பக்கம் தொங்கவிட்டார். கண் என்று ஆன பிறகு திருஷ்டிக்கு ஒன்றும் கட்டாமல் விட முடியுமா?

இப்போது காற்றடிக்கும்போதெல்லாம் அது ஜன்னல் கதவை மெல்லத் தட்டுகிறது. ஒவ்வொரு தட்டலுக்கும் மரகதம் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு எழுந்து போகிறாள்.